தண்ணீர் வாரம்: அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இரண்டு வயது முடிந்த வாண்டுகள் முதல் அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போகவிருக்கும் ஐந்து வயதுக்காரர்கள் வரை 22 பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வோர் ஆவணியிலும் நல்ல மழை ஒன்று பெய்ததும் ஒரு வாரத்தைத் தண்ணீருக்கென்று ஒதுக்கிவிடுவேன். அந்த வாரம் பிள்ளைகள் ஈரச் சட்டையோடு வீடு திரும்புவார்கள்; மறுநாள் காலையில் அம்மாக்களும் தாத்தாக்களும் வாசலில் நின்று கேட்பார்கள். வருடா வருடம் வரும் அந்தக் கேள்விகளையும், நின்று நிதானமாகச் சொல்ல நேரமில்லாமல் போன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு வாரம் முழுவதும் தண்ணீர்தானா? வேறு பாடம் கிடையாதா?

பாட்டு, கதை, எண்ணிக்கை, நிறம், வரைதல், ஓடியாடுதல் எல்லாம் வழக்கம்போல் உண்டு. அந்த வாரம் அத்தனையும் தண்ணீரைச் சுற்றியே நடக்கும். எண்ணுவதென்றால் டம்ளர்களை எண்ணுவோம். கதையென்றால் கிணற்றுத் தவளையின் கதை. ஓடுவதென்றால் தரையில் கோலப்பொடியால் வரைந்த ஆற்றைத் தாண்டி ஓடுவோம்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் இருக்கிறது. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைப்பதுதான் அதன் வழி. மூன்று வயதுப் பிள்ளையின் மனத்தில் கணக்கு, தமிழ், அறிவியல் என்று தனித்தனி அறைகள் இல்லை. ‘நிரம்பியது’ என்ற சொல்லைத் திங்கட்கிழமை தொட்டியருகிலும், செவ்வாய்க்கிழமை சொம்பிலும், புதன்கிழமை கதையிலும் கேட்டால்தான் அது அவன் சொல்லாகிறது.

தமிழில் தண்ணீருக்கு எத்தனை வினைகள் இருக்கின்றன என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நிரம்புகிறது, வழிகிறது, தளும்புகிறது, சிந்துகிறது, சொட்டுகிறது, ஒழுகுகிறது, கசிகிறது, தெறிக்கிறது, ஊறுகிறது, கலங்குகிறது, தெளிகிறது, வடிகிறது, வற்றுகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு காட்சி. கசிவதற்கும் ஒழுகுவதற்கும் என்ன வேறுபாடு என்று படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது. பானையையும் ஓட்டைக் குடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான்கு வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். இந்தச் சொற்களில் பாதியாவது பள்ளிக்குப் போகும் முன் பிள்ளையின் வாயில் வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

திங்கள் முதல் வெள்ளி வரை அப்படி என்னதான் நடக்கிறது?

திங்கட்கிழமை வெளியே போகிறோம். கயிற்றில் முடிச்சுகள் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, மேல்நிலைத் தொட்டி வரை நடை. தொட்டியிலிருந்து வரும் குழாயில் காதை வைத்துத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு தண்ணீர் தெரியும்: ஒகேனக்கல் தண்ணீர், போர் தண்ணீர். முன்னது குடிக்க, பின்னது கழுவ. காவிரியிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் குடிநீர் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைத்தான் குடித்தோம். பெரியவர்கள் சிலரின் பற்களில் காணும் பழுப்புக் கறை அதனால் வந்தது. பல் ஈறுக்குள் உருவாகும் சிறு வயதிலேயே அந்தக் கறை விழுந்துவிடும், பின்பு எவ்வளவு துலக்கினாலும் போகாது. பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்வதில்லை. “இந்தக் குழாய்த் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது, குடிக்கலாம், அந்தக் குழாய்த் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருகிறது, கை கழுவலாம்” என்று மட்டும் சொல்கிறேன். எதைக் குடிக்கலாம் என்று தெரிவது எங்கள் ஊரில் முதல் பாடம்.

செவ்வாய்க்கிழமை ஊற்றுகிறோம். சொம்பு, டம்ளர், டபரா, புனல், சிரட்டை, பழைய பஞ்சுத் துண்டு. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் வேலை. பார்ப்பவர்களுக்கு வெறும் விளையாட்டாகத் தெரியும். போன ஆண்டு ஒரு பையன் சொம்பிலிருந்து டம்ளருக்கும், டம்ளரிலிருந்து சொம்புக்கும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். முதலில் பாதி தரையில் போனது. பத்தாவது தடவைக்கு மேல் சொம்பின் மூக்கை டம்ளரின் விளிம்பில் சாய்த்து வைத்தான். நாக்கு வாய் ஓரத்தில் வெளியே நீண்டிருந்தது. தண்ணீர் விளிம்புக்கு ஒரு நூல் கீழே வந்ததும் சட்டென்று சொம்பை நிமிர்த்தினான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. யாரையும் பார்க்காமல், எல்லாவற்றையும் திரும்பச் சொம்பில் ஊற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கைதட்டவில்லை. கைதட்டினால் அவன் கவனம் டம்ளரிலிருந்து என்னிடம் வந்துவிடும்.

புதன்கிழமை எது மிதக்கும், எது மூழ்கும் என்று பார்க்கிறோம். புளியங்கொட்டை, கூழாங்கல், வேப்பிலை, ஆணி, ரப்பர் செருப்பு, உருளைக்கிழங்கு, தீக்குச்சி. போடும் முன் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போடலாம். சிரட்டையை மெதுவாக வைத்தால் மிதக்கும். அதில் ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் ஊற்றினால் மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மதியச் சமையலுக்கு முட்டை கழுவும் நாளாக இருந்தால் ஆயம்மாவிடம் ஒரு முட்டையைக் கேட்டு வாங்குவேன். பச்சை முட்டை சாதாரணத் தண்ணீரில் மூழ்கும். அதே டம்ளரில் உப்பைக் கைநிறையக் கரைத்தால் எழுந்து மிதக்கும். முட்டை எழும்பும்போது 22 வாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும் சத்தத்தை வீட்டில் நீங்களும் ஒரு முறை கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை துவைத்துக் காயப்போடுகிறோம். பொம்மைச் சட்டை, கைக்குட்டை. தோய்த்து, பிழிந்து, கொடியில் போட்டு, கிளிப் மாட்டுவது. காலையில் சிமெண்டுத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டி, அந்தக் குட்டையின் ஓரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவோம். அரை மணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் கோட்டைவிட்டு உள்ளே சுருங்கியிருக்கும். மறுபடி ஒரு கோடு. மதியத்துக்குள் கோடுகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், தண்ணீர் இருக்காது. யார் குடித்தது என்று கேட்டேன். “நாய்” என்றான் ஒருவன். “நாங்கள் இங்கேயே இருந்தோமே, நாய் வரவில்லை” என்றாள் இன்னொருத்தி. “வெயில்” என்றது மூன்று வயதுக் குரல் ஒன்று. வேப்ப மர நிழலில் இன்னொரு குட்டை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது மாலை வரை காயவில்லை. நீராவி, ஆவியாதல் என்ற சொற்களைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளட்டும். அவை எதைக் குறிக்கின்றன என்பதை இப்போதே கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காகிதக் கப்பல். பிறகு வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரத்தில் பிடித்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்ல வராதவர்கள் வரைந்து காட்டலாம்.

மூன்றரை வயதாகிறது, இன்னும் ‘அ’ எழுதத் தெரியவில்லை. ஊற்றிக்கொண்டிருந்தால் எழுத்து எப்போது வரும்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். அக்கறையால் கேட்கிறார்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, மெத்தென்ற குருத்தெலும்பாக இருக்கும். ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறும். மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதில் பாதிகூட மாறியிருக்காது. கடைசி எலும்பு உருவாக எட்டு வயதுக்கு மேல் ஆகும். விரல்களின் சிறு தசைகளும் அப்படித்தான், மெதுவாகத்தான் பலப்படும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, புள்ளியின் மேல் நூறு தடவை ‘அ’ போடச் சொன்னால், பிள்ளை முழு முஷ்டியாலும் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும். கை வலிக்கும், எழுத்தென்றாலே முகம் சுருங்கும். அப்படிப் பயந்த பிள்ளையைத் திரும்பவும் எழுத்தின் பக்கம் அழைத்துவர எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது.

தண்ணீர் வாரத்தில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். கைக்குட்டையைப் பிழியும்போது இரண்டு மணிக்கட்டும் எதிரெதிராகத் திரும்புகின்றன. கிளிப்பை அழுத்தும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கின்றன. பென்சில் பிடிக்கத் தேவையான பிடி அதுதான். சிந்தாமல் ஊற்றும்போது கண் சொல்வதைக் கை கேட்கிறது. வியாழக்கிழமை வெளிச்சுவரில் பெயிண்ட் பிரஷைத் தண்ணீரில் தோய்த்துக் கோடு இழுக்கிறார்கள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், பெரிய வட்டம். தோளிலிருந்து தொடங்கும் அந்த வீச்சு வந்த பிறகே விரல் நுனியில் எழுத்து வரும். தப்பாகப் போனாலும் அழிக்க வேண்டியதில்லை, வெயில் பார்த்துக்கொள்ளும்.

ஐந்து வயதுக்காரர்களுக்கு அந்தச் சுவரிலேயே ட, ப, ம எழுதிக் காட்டுகிறேன். நேர்க்கோடுகள் மிகுந்த எழுத்துகள் முதலில். ‘அ’ நமக்குத்தான் முதல் எழுத்து. பிள்ளையின் கைக்கு அது சுழியும் வளைவும் கோடும் கூடிய கடினமான எழுத்து. மொத்தம் 247 எழுத்துகள். எல்லாவற்றையும் உங்கள் பிள்ளை எழுதும், கவலை வேண்டாம்.

ஊற்றுவதில் கணக்கு எங்கே இருக்கிறது?

ஒரே அளவுத் தண்ணீரை உயரமான டம்ளரிலும் அகலமான டபராவிலும் ஊற்றிவிட்டு, எதில் அதிகம் என்று உங்கள் நான்கு வயது மகளிடம் கேளுங்கள். பெரும்பாலும் “டம்ளரில்தான்” என்பாள். நீங்கள் அவள் கண் முன்னால் அளந்து ஊற்றியிருந்தாலும் அப்படித்தான் சொல்வாள். ழான் பியாஜே என்னும் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் இதைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்தார். ஏறக்குறைய ஏழு வயது வரை பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று காட்டினார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற எண்ணம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

அதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் அவளே ஊற்ற வேண்டும். போன ஆண்டு ஒரு சிறுமி அப்படி மாற்றி மாற்றி ஊற்றிவிட்டு டம்ளரை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு “அதே தண்ணீர்தான், ஒல்லியாக நிற்கிறது” என்றாள். இதைவிடத் தெளிவாக நானும் சொல்லிவிட முடியாது.

சளி பிடித்துவிடாதா?

சளிக்குக் காரணம் கிருமி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. ஆனாலும் ஈரத் துணியோடு பிள்ளை நடுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் வெயில் ஏறிய பிறகு, பத்தரை மணிக்கு மேல்தான் தண்ணீரில் கை வைக்கிறோம், முடிந்ததும் துவட்டி மாற்றுடை போட்டுவிடுகிறோம். காய்ச்சல், இருமல், இளைப்பு உள்ள பிள்ளை என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அன்று அவனுக்குக் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கும் வேலை தருவேன்.

தண்ணீர் ஆபத்தில்லையா?

ஆபத்துத்தான். சின்னப் பிள்ளை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். தலை கனம், பக்கெட்டுக்குள் கவிழ்ந்துவிட்டால் தானாக எழ முடியாது, சத்தமும் கேட்காது. எனவே இங்கே பக்கெட் கிடையாது, அகலமான தாம்பாளமும் குண்டானும்தான், அதிலும் நான்கு விரற்கடை ஆழம். ஆயம்மா அல்லது நான், ஒருவர் அங்கிருந்து நகரவே மாட்டோம். முடிந்த உடனே கவிழ்த்துவிடுவோம்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் அறைக்குள்ளேயே தண்ணீர் விளையாட்டு வைத்தேன். சிமெண்டுத் தரை வழுக்கி ஒரு பிள்ளை விழுந்து, புருவத்தின் மேல் வெட்டு. இரண்டு தையல். அந்தத் தாயின் முகத்தை இன்றும் மறக்கவில்லை. அதன்பின் வேப்ப மரத்தடியில், மணல் பரப்பிய இடத்தில்தான் நடத்துகிறேன். வீட்டில் தண்ணீர் நிரம்பிய பக்கெட்டையும் திறந்த தொட்டியையும் மூடி வையுங்கள் என்று இந்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டாரிடமும் சொல்கிறேன்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் இப்படி வீணாக்கலாமா?

நியாயமான கேள்வி. விளையாட்டுக்கு எடுப்பது போர் தண்ணீர், நாள் ஒன்றுக்கு இரண்டு குடம். விளையாடி முடித்த தண்ணீரைப் பிள்ளைகளே சிரட்டையில் மொண்டு முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறார்கள். உப்புக் கரைத்த டம்ளரை மட்டும் செடிக்கு ஊற்றுவதில்லை. ஏன் என்று கேட்பார்கள், நான்கு இலைகளைத் தனியே உப்புத் தண்ணீரில் போட்டு வைத்துக் காட்டுவேன். குழாயைத் திறந்துவிட்டுப் போகும் பெரியவர்களை வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பிள்ளைகளே கண்டிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டரை வயதும் ஐந்து வயதும் ஒரே இடத்தில் எப்படிக் கற்கும்?

தண்ணீர் இதற்கு மிகவும் ஒத்துழைக்கிறது. அதே குண்டானில் சின்னவன் கையால் தட்டித் தெறிக்க விடுவான். நடுவில் இருப்பவன் ஊற்றுவான். பெரியவள் டம்ளரை நிரப்ப எத்தனை சிரட்டை ஆகிறது என்று எண்ணிக் கூழாங்கல் வைப்பாள். பெரியவளைப் பார்த்துச் சின்னவன் கற்பதைப் போலவே, சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பெரியவள் தனக்குத் தெரிந்ததை இன்னும் தெளிவாகத் தெரிந்துகொள்கிறாள்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பிள்ளை குழம்பிவிடாதா?

எங்கள் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் வீட்டுமொழிகள். திங்கட்கிழமை வட்டத்தில், உங்கள் வீட்டில் தண்ணீரை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்பேன். ‘நீள்ளு’ என்பாள் ஒருத்தி, ‘நீரு’ என்பான் ஒருவன், ‘பானி’ என்று இன்னொரு குரல் வரும். எல்லாரும் சேர்ந்து எல்லாச் சொல்லையும் சொல்வோம். நம் நீரும் கன்னடத்து நீருவும் தெலுங்கின் நீள்ளுவும் ஒரே வேரில் வந்த சொற்கள். வீட்டுமொழியில் தாராளமாகப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். ஒரு மொழியில் ஆழமாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி எளிது.

என் மகள் அங்கே வாயே திறப்பதில்லையாமே?

சில பிள்ளைகள் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். வீட்டில் பேசுகிறாள், கூப்பிட்டால் திரும்புகிறாள் என்றால் காத்திருக்கலாம். வீட்டிலும் பேச்சில்லை, சத்தத்துக்கும் திரும்புவதில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே என்னிடம் சொல்லுங்கள், செவித்திறனைச் சோதிக்க அரசு மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.

ஜூனில் சேர்ந்த ஒரு சிறுமி ஆவணி வரை இங்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை. தண்ணீர் வாரத்தின் செவ்வாயன்று அவள் டம்ளரை நீட்டிக்கொண்டிருக்க, ஒரு பையன் சொம்பிலிருந்து ஊற்றினான். டம்ளர் நிரம்பியது, அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்தது. “போதும்” என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவளே சொம்பைக் கேட்டாள்.

டவுனில் மாண்டிசோரி பள்ளி என்று பலகை வைத்து நிறையக் கட்டணம் வாங்குகிறார்களே, அங்கே இன்னும் நன்றாக இருக்குமோ?

ஒவ்வொரு பள்ளியையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். அவர் தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907இல் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவர் வழியில் நடக்கும் வகுப்புகளில் இன்றும் பிள்ளைகள் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகுகிறார்கள். சொம்பும் டம்ளரும் உள்ள எந்த வீட்டிலும் அதைச் செய்யலாம்.

வாரக் கடைசியில் என்ன கற்றாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேர்வு வைப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். “புதன்: போடும் முன்பே ஆணி மூழ்கும் என்றான், காரணம் கேட்டதற்கு ‘கனம்’ என்றான்.” “வியாழன்: கிளிப்பை இரண்டு கையாலும் அழுத்துகிறாள், ஒரு கை இன்னும் வரவில்லை.” இப்படி ஓரிரு வரிகள். எந்த நாளும் வந்து கேளுங்கள், உங்கள் பிள்ளையின் பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டுகிறேன்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் கழுநீர் கலங்கல், மூன்றாவது தெளிவு என்று அவளே பார்க்கட்டும். துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். சிந்தினால் திட்டாமல் ஒரு துணியைக் கையில் கொடுங்கள். துடைப்பதும் பிழிவதும் கைக்கு நல்லது.

இந்த வாரத்துக்கு என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

மாற்றுடை ஒன்று, பழைய துண்டு ஒன்று, பெயர் எழுதிய பை. தேங்காய் உடைத்தால் சிரட்டையைத் தூக்கிப் போடாமல் ஓரம் தேய்த்து அனுப்புங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். வியாழக்கிழமை பொம்மைச் சட்டை துவைக்கிறோம். பொம்மை இல்லாத வீடென்றால் அப்பாவின் கைக்குட்டை போதும்.